பத்து பத்துக்கு வரும் வெளிச்சம்

கூடத்துச் சுவர்க் கடிகாரம் நின்றுவிட்டதைப் பூவாயிதான் முதலில் பார்த்தாள். பார்த்த உடனே, டீ குடித்துக்கொண்டிருந்த மருமகள் வேல்விழியை எழுப்பிக் கடைவீதிக்கு அனுப்பிவிட்டாள். பேட்டரி வாங்கப் போன வேல்விழி திரும்பி வரும்போது பேட்டரியோடு ஒரு கைக்கடிகாரத்தையும் கொண்டுவந்தாள். அது அவளுடையது இல்லை.

ஷபியுல்லா பாய் பல வருடம் துபாயில் வாட்ச் கடையில் இருந்துவிட்டு வந்து இங்கே சொந்தமாகக் கடை போட்டவர். பழைய நல்ல வாட்ச்களை வாங்கிப் பிரித்துச் சுத்தம் செய்து, கீறல் விழுந்த கண்ணாடியை மாற்றி மறுபடி விற்பார். விருத்தாசலத்தில் அப்படிப்பட்ட வாட்ச்சைத் தேடி வருகிறவர்கள் குறைவு. அதனால் இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கியிருந்தார். வேல்விழி போன நேரம் அவர் ஒரு கையில் வாட்ச்சும் இன்னொரு கையில் மொபைலுமாகப் படமெடுத்துக்கொண்டிருந்தார். எடுத்ததை அவளிடம் நீட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"வாட்ச்ச விட ஒங்க ட்யூப் லைட்டுதான் பாய் நல்லா வுழுந்திருக்குது," என்றாள் வேல்விழி.

அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். கறுப்பு டயலின் குறுக்கே ட்யூப் லைட் வெள்ளைக் கோடாகப் படுத்திருந்தது. ஓரத்தில் அவர் கட்டைவிரல். உற்றுப் பார்த்தால் வாட்ச்சின் கண்ணாடியில் அவர் தாடிகூடத் தெரிந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒருவரும் வாங்காததற்கு இதுதான் காரணம் போலிருக்கிறது என்றார். சனிக்கிழமை புதுச்சேரியிலிருந்து ஒரு போட்டோகிராபர் வருகிறார், கடையில் உள்ள எல்லா வாட்ச்சையும் அவரே எடுத்துக் கொடுத்துவிடுவார் என்றும் சொன்னார்.

அந்த வேலையை நான் செய்கிறேன் பாய் என்று தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு வேல்விழிக்கே ஆச்சரியமாக இருந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஜங்ஷன் ரோட்டில் ஒரு ஸ்டுடியோவில் ஆல்பம் வேலை பார்த்தாள். யாரோ எடுத்த படங்களை வெட்டி, ஒட்டி, முகங்களை வெளுப்பாக்கித் தருகிற வேலை. கல்யாணமானதும் அது நின்றுபோனது. பிறகு நூலகத்திலிருந்து மொழிபெயர்ப்பு நாவல்களாக எடுத்து வந்து படித்தாள். பனி மூடிய ஊர்கள், மாதக் கணக்கில் இருட்டாகவே கிடக்கும் துறைமுகங்கள். படித்த கதை மறந்துவிடும், அதில் வந்த வெளிச்சம் மறக்காது. மேசையில் கிடந்த ஒரு பேரிக்காயின் மேல் ஜன்னல் வெளிச்சம் விழுந்ததைச் சொல்லும் ஒரு பக்கத்தை அவள் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறாள். அந்தப் பேரிக்காயை நானாக இருந்தால் எப்படி எடுத்திருப்பேன் என்று, சோறு வெந்துகொண்டிருக்கும்போது யோசிப்பாள். உறவுக்காரர்கள் வந்து மருமகள் என்ன செய்கிறாள் என்று கேட்டால், வூட்டுலதான் இருக்குது என்று பூவாயி பதில் சொல்வாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் அதைக் கேட்கும்போதெல்லாம் வேல்விழிக்கு எழுந்து எங்காவது போய்விட வேண்டும் போலிருக்கும்.

பாய் மொபைலில் இருந்த படத்தை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு கறுப்பு டயல் வாட்ச்சையே எடுத்து அவளிடம் கொடுத்தார். இருப்பதிலேயே அதுதான் அடம்பிடிக்கிறது. டயல் கறுப்பு, சுற்றிலும் பாலிஷ் போட்ட ஸ்டீல், எதை நீட்டினாலும் முகம் பார்க்கும். வெள்ளிக்கிழமைக்குள் ஒரே ஒரு படம். அது நன்றாக இருந்தால் புதுச்சேரிக்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு வேலையை அவளுக்கே தருவார். நன்றாக இல்லாவிட்டால் வருத்தப்படக் கூடாது. அவளும் சரி என்று வாங்கிக்கொண்டாள்.

வீட்டின் பின்னறையில் வடக்குப் பார்த்து ஒரு ஜன்னல் இருந்தது. அதற்கு எதிரே பக்கத்து வீட்டுச் சுவர், புதிதாகச் சுண்ணாம்பு அடித்தது. தை மாத வெயில் இவர்கள் வீட்டுக் கூரையைத் தாண்டி ஏறியதும் அந்தச் சுவரில் போய் விழும். சுவர் அதை வாங்கி, சூட்டையெல்லாம் எடுத்துவிட்டு, பால் மாதிரி ஜன்னலுக்குள் அனுப்பும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வேல்விழி அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஏறக்குறைய பத்து மணிக்கு வரும். பதினொன்றரைக்கு மேல் கடுமையாகிவிடும்.

முதல் நாள் எடுத்த படத்தில் வாட்ச் தெரியவில்லை, ஜன்னல் தெரிந்தது. கம்பிகள் வரிசையாக டயலில் நின்றதில் முள்கள் சிறைக்குள் இருப்பது போலிருந்தது. ஜன்னலை மறைத்து ட்யூப் லைட்டைப் போட்டால் ஸ்டீல் நீலமாகியது. வாசலில் இருந்த சிவப்பு பக்கெட்கூட ஸ்டீல் விளிம்பில் ஒரு புள்ளியாக வந்து உட்கார்ந்தது. அவளும் வந்திருந்தாள், தலைக்குப் பதிலாக மொபைலை வைத்துக்கொண்டு. இது வாட்ச் இல்லை, ஒரு சின்னக் குளம் என்று அவளுக்குத் தோன்றியது. கரையில் எது நின்றாலும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. அப்படியானால் குளத்துக்கு விளக்குப் பிடித்துப் பயனில்லை. கரையைத்தான் சரிசெய்ய வேண்டும். வாட்ச் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறதோ அது அழகாக இருந்தால் வாட்ச்சும் அழகாக இருக்கும்.

ஜன்னல் முழுக்க பட்டர் பேப்பரை ஒட்டினாள். கம்பிகள் மறைந்து ஜன்னலே ஒரு பெரிய வெள்ளை விளக்கானது. கறுப்பு சார்ட் ஒன்றில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு மொபைலுக்கு முன்னால் நிறுத்தினாள். டயலில் அவளும் மொபைலும் காணாமல் போனார்கள். மொபைலை நிறுத்திவைக்க ஸ்டாண்டு இல்லை. அதற்கு அவள் கணவன் மதிவாணன் வழி கண்டுபிடித்தான். அவன் செராமிக் யூனிட்டில் பீங்கானுக்குப் பளபளப்பு தரும் கிளேஸ் அடிக்கிறவன். யூனிட்டில் கழித்துப் போட்ட, கையளவு பெரிய ஒரு பீங்கான் ஃப்யூஸ் பேஸைக் கொண்டுவந்து கொடுத்தான். அதன் நடுப்பள்ளத்தில் மொபைல் ஆடாமல் நின்றது. திரையைத் தொட்டால் படம் அசைகிறது என்பதால் இயர்போனைச் செருகி அதன் பட்டனை அழுத்திப் படமெடுத்தாள்.

ஃப்யூஸ் பேஸ் கொண்டுவந்தவனுக்கு அறைக்குள் இடம் கிடைக்கவில்லை. யூனிட்டிலிருந்து வரும்போது அவன் தலை, புருவம், சட்டை எல்லாம் களிமண் தூசியாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாத தூசி கறுப்பு டயலுக்கு மேலே நட்சத்திரக் கூட்டமாகத் தெரியும். மெடிக்கலில் காது கழுவுகிற ரப்பர் குமிழ் வாங்கி, ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் வேல்விழி ஊதி ஊதி அதை விரட்டிக்கொண்டிருந்தாள். குளிக்காமல் இந்தப் பக்கம் வரக் கூடாது என்று சட்டம் போட்டாள். இதுவரைக்கும் என் அம்மா மட்டுந்தான் என்னை வெளியே நிற்கவைத்தார்கள் என்று அவன் வாசலில் நின்றபடி சொன்னான்.

புதன்கிழமைக்குள் டயல் சுத்தமாக வந்துவிட்டது. இரண்டு சிக்கல்தான் மிச்சம். ஒன்று, கிட்டத்தில் வைத்து எடுத்தால் டயல் துல்லியமாக இருக்கும்போது ஸ்டீல் விளிம்பு மங்கியது, விளிம்பு துல்லியமானால் டயல் மங்கியது. அதற்கு வழி இருந்தது. நாலைந்து படம் எடுத்து ஒவ்வொன்றிலும் தெளிவாக இருக்கிற இடத்தை மட்டும் சேர்த்து ஒன்றாக்கிவிடலாம். ஆல்பத்தில் வெட்டி ஒட்டிய கைக்கு அது பெரிய வேலை இல்லை. இரண்டாவது, முள்கள். விளம்பரப் படங்களில் எல்லா வாட்ச்சும் பத்து மணி பத்து நிமிடத்தையே காட்டும். இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு வா என்று கூப்பிடுவது போலிருக்கும், நடுவில் எழுதிய பெயரும் மறையாது. ஆனால் நாலைந்து படம் எடுத்து முடிக்கும்வரை முள்கள் அசையாமல் இருக்க வேண்டும். வாட்ச்சின் பக்கத்தில் இருக்கும் சாவியை வெளியே இழுத்துவிட்டால் வாட்ச் நின்றுவிடும். உள்ளே தள்ளினால் ஓடும். அவள் பத்து பத்து வைத்து சாவியை இழுத்து நிறுத்தினாள்.

வியாழக்கிழமை வெளிச்சம் வந்த நேரம் நகராட்சித் தண்ணீரும் வந்தது. இரண்டு படம் எடுத்திருந்தாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி, பிடித்து வைத்துவிட்டு வந்து, வெளிச்சம் போய்விடுமே என்ற அவசரத்தில் முள்ளைக்கூடப் பார்க்காமல் மீதியை எடுத்தாள். உட்கார்ந்து படங்களைச் சேர்த்துப் பார்த்தபோது வாட்ச்சுக்கு இரண்டு நிமிட முள் இருந்தது. ஒன்று பத்தாவது நிமிடத்தில், ஒன்று பத்தொன்பதாவது நிமிடத்தில். வாட்ச்சைப் பார்த்தாள். சாவி உள்ளே இருந்தது, முள் ஓடிக்கொண்டிருந்தது. தான்தான் சரியாக இழுக்கவில்லையோ என்று நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை நகம் வலிக்கிற அளவுக்கு நன்றாக இழுத்து வைத்தாள். அன்றைக்கு சிலிண்டர்காரர் வந்து கூப்பிட்டார். போய்விட்டு வந்து எடுத்ததில் மறுபடியும் இரண்டு முள். மறுபடியும் சாவி உள்ளே இருந்தது. வெளிச்சமும் போய்விட்டது.

அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. சாவி லூசாக இருக்கிறது, தானாக உள்ளே போகிறது என்று முடிவு செய்தாள். ஜும்மா தொழுகை முடிந்திருக்கும் நேரம் பார்த்து ஷபியுல்லா பாய்க்குப் போன் செய்து வாட்ச்சில் கோளாறு இருக்கிறது என்று சொன்னாள்.

"என் கடையிலேர்ந்து கோளாறு வாட்ச்சு வெளிய போனதில்லம்மா," என்றார் பாய். "போட்டோ வரலன்னா வரலன்னு சொல்லு. அதுக்கு வாட்ச்ச குத்தம் சொல்லாத. கொண்டாந்து குடுத்துடு."

அவர் குரல் உயரவில்லை. அதுதான் அவளுக்கு அதிகமாக உறைத்தது. வாட்ச்சைத் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, செருப்பு மாட்ட வாசலுக்கு வந்தாள். மதிவாணன் அன்றைக்குக் காலை ஷிப்ட் முடித்துக் குளித்துவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் பூவாயி உட்கார்ந்து அவனுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தாள். எங்கே கிளம்பிவிட்டாய் என்று அவள் கேட்க, வேல்விழி வாட்ச்சைத் திருப்பிக் கொடுக்கப் போவதாகச் சொன்னாள்.

"அத ஏன் திருப்பிக் குடுக்குற? நல்லாத்தானே ஓடுது," என்றாள் பூவாயி. "நின்னு நின்னு போனத நாந்தான் ரெண்டு தரம் ஓட வச்சேன். ஒனக்குக்கூட சொல்லல."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பெருமை கொஞ்சநஞ்சம் இல்லை. ஒரு குழம்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, ஊரில் பெரிய மெக்கானிக் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"நீங்களா அத்த?"

"பின்ன? அந்த வாட்ச்ச வச்சிக்கினு மூணு நாளா மூஞ்சிய தொங்கப் போட்டுக்கினு இருந்த. பாய் ரிப்பேரு வாட்ச்ச குடுத்துட்டாரு போலன்னு நெனச்சேன். எட்டிப் பாத்தா நின்னு கெடக்குது. பக்கத்துல திருகு நீட்டிக்கினு இருந்துது, அமுக்கினேன், ஓடுச்சு. மறுநாளும் நின்னுது, மறுநாளும் அமுக்கினேன்."

மதிவாணனுக்குப் புரை ஏறிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு, உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்த வாட்ச் எத்தனை மணி என்று குழம்பிப் போயிருக்கும் என்றான். இரண்டு பேரும் அவனைப் பார்த்ததும் சோற்றைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

வேல்விழி நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். படம் எடுப்பதற்காகத் தானேதான் நிறுத்தி வைத்ததாகவும், நாளை ஒரே ஒரு மணி நேரம் அது நின்றபடி இருந்தால் போதும் என்றும் பொறுமையாகச் சொன்னாள். பூவாயி ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு மணி நேரமோ ஒரு நிமிடமோ, நின்ற கடிகாரம் வீட்டில் இருந்தால் வீட்டுக்காரர்கள் எடுத்த காரியமும் அப்படியே நின்றுவிடும் என்றாள். வேண்டுமானால் தெருவில் வைத்து எடுத்துக்கொள்ளச் சொன்னாள். தெருவில் அந்தச் சுவர் வெளிச்சம் கிடைக்காது என்று வேல்விழி சொல்லிப் பார்த்தாள்.

"ஓடுறத எடுக்க முடியாதுன்னா நீ இன்னா போட்டோக்காரி?" என்றாள் பூவாயி. "தாலி கட்டும்போது மாப்ளைய அப்படியே நில்லுன்னு சொல்லியா எடுக்குறாங்க? கட்டறப்பவே எடுக்கல?"

வேல்விழி கைப்பையைத் திறந்து, துணியைப் பிரித்து வாட்ச்சைப் பார்த்தாள்.

அவள் நூற்றுக்கணக்கான தாலி கட்டும் படங்களை வெட்டி ஒட்டியிருக்கிறாள். மஞ்சள் அரிசி காற்றிலேயே நிற்கும். மாப்பிள்ளையின் விரல் முடிச்சில் இருக்கும். ஒருவர் கண்கூட மங்கலாக இருக்காது. எப்படி? வெளிச்சம். அந்த ஒரு நேரத்துக்காக இரண்டு பக்கமும் ஆட்கள் விளக்கைத் தூக்கிப் பிடிப்பார்கள். நிறைய வெளிச்சம் இருந்தால் கேமரா ஒரு நொடியின் சின்னத் துணுக்கைக் கிள்ளி எடுத்துவிடும். நாலைந்து படத்தைச் சேர்ப்பதும் தேவையில்லை. கொஞ்சம் தள்ளி வைத்து எடுத்தால் டயலும் விளிம்பும் சேர்ந்தே தெளிவாக விழும், பிறகு ஓரங்களை வெட்டிக்கொள்ளலாம். வாட்ச் ஓடட்டும். ஓடி அதுவே பத்து பத்துக்கு வரட்டும்.

கடைக்குப் போய் நடந்ததை அப்படியே பாயிடம் சொன்னாள். வாட்ச்சைக் குறை சொன்னது தன் தவறு என்றும், நாளைக் காலை ஒரு வேளை மட்டும் அது தன்னிடம் இருக்கட்டும் என்றும் கேட்டாள். பாய் அவள் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டே வாட்ச்சின் சாவியை இழுத்தார், தள்ளினார், மறுபடி இழுத்தார். சாவி அவர் வைத்த இடத்தில் நின்றது.

"அப்ப என் வாட்ச்சு நிக்கத்தான் பாத்துருக்குது. ஒங்க மாமியாதான் வுடல," என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். புதுச்சேரிக்காரர் மத்தியானப் பஸ்ஸில் கிளம்புவார், அதற்குள் படம் வந்துவிட வேண்டும் என்று சொல்லி வாட்ச்சைத் திருப்பிக் கொடுத்தார்.

சாயங்காலம் மதிவாணன் மறுபடியும் யூனிட்டுக்குப் போய் ஒரு சாக்கு நிறையத் தட்டுகளைத் தூக்கி வந்தான். விளிம்பு உடைந்து கழித்துப் போட்டவை. முதல் சூட்டில் வெந்து, இன்னும் கிளேஸ் பூசாத வெள்ளைச் சாமானை அங்கே பிஸ்கட் என்பார்கள். கிளேஸ் பூசிய தட்டு சிலவற்றையும் எடுத்து வந்திருந்தான். பளபளப்பது அவன் அடித்த கிளேஸ் அல்லவா, அதுதான் அதிக வெளிச்சம் தரும் என்பது அவன் நம்பிக்கை. வேல்விழி இரண்டையும் வாட்ச்சுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். கிளேஸ் தட்டு ஜன்னலை அப்படியே ஒரு கட்டியாக எடுத்து ஸ்டீலின் மேல் எறிந்தது. பிஸ்கட் தட்டு வெளிச்சத்தைக் குடித்து, மாவு தூவுவது போல மெல்லத் தூவியது. அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனாலும் குனிந்து வெகுநேரம் பார்த்தான். தினமும் கையால் எடுத்துத் தூர வீசுகிற தட்டு இப்படிச் செய்யும் என்று தெரியாது என்றான்.

சனிக்கிழமை காலை பிஸ்கட் தட்டுகளை வாட்ச்சைச் சுற்றி, ஒரு பக்கம் மட்டும் திறந்த வட்டமாக நிறுத்தினாள். நாவல்களில் வரும் பனி ஊர்களில் ஒன்று மேசைமேல் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. நடுவில் கறுப்பாக ஓர் ஏரி. வாட்ச்சைச் சரியான மணிக்கு வைத்துச் சாவியை உள்ளே தள்ளினாள். அது ஓடியது. பூவாயி வந்து குனிந்து காது வைத்துக் கேட்டுவிட்டுத் திருப்தியாகப் போனாள்.

ஆனால் வெயில் வரவில்லை. தெருவில் மூடுபனி இறங்கியிருந்தது. பக்கத்து வீட்டுச் சுவர் சாம்பல் நிறமாக நின்றது. மணி பத்தானது, பத்து ஐந்தானது. முள்கள் இரண்டும் கையைத் தூக்கி நின்ற நேரத்தில் அவள் பட்டனை அழுத்தத்தான் செய்தாள். படம் இருண்டிருந்தது. வினாடி முள் ஒரு சாமரம் மாதிரி கலைந்திருந்தது. நிமிட முள் பத்தைத் தாண்டி இறங்கத் தொடங்கியது. இன்றைக்கு இனி பத்து பத்து கிடையாது என்று நினைத்தபடி ஃப்யூஸ் பேஸின் மேல் கையை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ, பிறகுதான் அந்த யோசனை வந்தது. அவள் சமையலறைப் பக்கம் திரும்பி, வாட்ச் தப்பான நேரத்தில் ஓடினால் பரவாயில்லையா அத்தை என்று கேட்டாள்.

"எத்தினி மணியா இருந்தா எனக்கு இன்னா," என்று பூவாயியின் பதில் வந்தது. "ஓடணும், அவ்ளோதான்."

சாவியை இழுத்து, முள்ளைப் பத்து ஐந்துக்குத் திருப்பி, உடனே உள்ளே தள்ளினாள். வாட்ச் மறுபடி பத்து பத்தை நோக்கி நடந்தது. அது வந்தபோதும் பனி விலகவில்லை. மறுபடி திருப்பி வைத்தாள். அது மறுபடி நடந்தது. அவளுடைய நேரம் வாட்ச்சின் கையில் இல்லை என்பது தெரிந்த பிறகு பதற்றம் போய்விட்டது. எத்தனை தடவை வேண்டுமானாலும் அது அவளுக்காகப் பத்து பத்துக்கு வரும். வெளிச்சம் வரும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருக்கலாம்.

வெளிச்சம் வந்தது. முதலில் சுவரின் மேல் விளிம்பில் ஒரு கோடு, பிறகு சுவர் முழுக்க. பட்டர் பேப்பர் நிறைந்தது. தட்டுகள் ஒவ்வொன்றாக விழித்தன. மேசைமேல் இருந்த பனி ஊரில் விடிந்தது. அவள் ரப்பர் குமிழால் கடைசியாக ஒரு தடவை ஊதினாள். வினாடி முள் கீழ்ப்பக்கம் இறங்கிப் பெயரை விட்டு விலகியதும், மூச்சைப் பிடித்துக்கொண்டு பட்டனை அடுத்தடுத்து மூன்று முறை அழுத்தினாள்.

திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். கறுப்பு டயல் கறுப்பாக இருந்தது. கம்பி இல்லை, அவள் இல்லை, வீடு இல்லை. ஸ்டீல் விளிம்பில் வெள்ளை மெல்லத் தொடங்கி மெல்லக் கரைந்தது. வினாடி முள் ஊசி மாதிரி நின்றது. நிற்கவில்லை, நிற்பது போல் இருந்தது. வேறு யாரோ எடுத்த படத்தைப் பார்ப்பது போல அவள் அதைப் பார்த்தாள். அப்புறம், இல்லை, நான்தான் எடுத்தேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். உடம்பில் ஏதோ நிமிர்ந்தது.

மூன்று படங்களையும் பாய்க்கு அனுப்பினாள். பதில் வரவில்லை. மதிவாணன் யூனிட்டிலிருந்து போன் செய்து என்ன ஆயிற்று என்று கேட்டான். தெரியவில்லை என்றாள். அவள் போனைக் கீழே வைப்பதற்குள் வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. ஷபியுல்லா பாய் ஒரு மரப்பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவர் பெட்டியை இறுகப் பிடித்தபடியே பேசினார். முதல் படத்தைப் பார்த்தபோது நன்றாக இருக்கிறது என்றுதான் நினைத்தாராம். மூன்றையும் பார்த்த பிறகுதான் வினாடி முள் ஒவ்வொன்றிலும் ஒரு கோடு நகர்ந்திருப்பது தெரிந்ததாம்.

"பழைய வாட்ச்சு வாங்குறவன் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதாம்மா. ஓடுதா?" என்றார். "நான் எவ்ளோ எழுதுனாலும் நம்ப மாட்டான். மூணு போட்டோவையும் வரிசையா போட்டா நான் எழுதவே வேணாம். பாண்டிச்சேரிக்காரர வர வேணாம்னு சொல்லிட்டேன்."

வேல்விழி பெட்டியை வாங்கக் கையை நீட்டினாள். உள்ளே வாருங்கள் பாய் என்றாள். அதற்குள் பூவாயி முன்னால் வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். வரிசை வரிசையாக வாட்ச்கள். யாரும் கட்டாமல் கிடந்ததால் ஒன்றுகூட ஓடவில்லை.

"இத்தினியும் நின்னு போனதா? பாய், தப்பா நெனச்சிக்காதீங்க. ஓட வச்சிட்டு உள்ள கொண்டாங்க."

பாய் அவளைப் பார்த்தார். வேல்விழியைப் பார்த்தார். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாட்ச்சாக எடுத்து ஆட்டியும் சாவி கொடுத்தும் ஓடவைக்கத் தொடங்கினார். ஓடத் தொடங்கியதை பூவாயி வாங்கி, காதில் வைத்துக் கேட்டு, முந்தானையில் துடைத்து வேல்விழியிடம் கொடுத்தாள். முந்தானையில் துடைக்க வேண்டாம் அத்தை, நூல் ஒட்டும் என்று வேல்விழி சொல்ல, சரி மகாராணி என்று கொடுத்தாள்.

வேலை எப்படி நடக்க வேண்டும் என்று அவளுக்குள் ஏற்கனவே தெளிவாகிவிட்டது. ஒன்றைப் பத்து ஏழுக்கு வைத்தாள். அடுத்ததைப் பத்துக்கு. அதற்கடுத்ததை ஒன்பது ஐம்பத்து மூன்றுக்கு. ஒன்றை எடுத்து முடித்து, தூசி ஊதி, அடுத்ததை வைக்கும்போது அது பத்து பத்துக்கு வந்துகொண்டிருக்கும். மேசையோரம் அவை வரிசையில் காத்திருந்தன. எதுவும் சரியான நேரம் காட்டவில்லை, எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன.

உள்ளே வந்த பாய் அந்த வரிசையைப் பார்த்து நின்றுவிட்டார். இணையப் பக்கத்தில் படம் எடுத்தவர் பெயரைப் போட வேண்டும், என்ன போடட்டும், வேல்விழி மதிவாணன் என்று போடவா என்று கேட்டார்.

"வேல்விழின்னு மட்டும் போடுங்க. கீழ விருத்தாசலம்னு போடுங்க," என்றாள் அவள். ஸ்டுடியோவில் இருந்த காலத்தில் எந்த ஆல்பத்தின் கடைசிப் பக்கத்திலும் அவள் பெயர் இருந்ததில்லை. இன்னொன்றும் சொன்னாள். அவள் அனுப்பும் படத்தின் நிறத்தை யாரும் மாற்றக் கூடாது. கறுப்பு கறுப்பாகவே இருக்க வேண்டும். பாய் தலையை ஆட்டினார். கடை முதலாளியிடம் இப்படிப் பேசுகிறாளே என்று பூவாயி வாயில் கை வைத்தாள், ஆனால் கண்ணில் கோபம் இல்லை.

முதல் வாட்ச் பத்து பத்தை நெருங்கியது. வெள்ளை டயல், தோல் ஸ்ட்ராப். தட்டு வட்டத்தின் திறந்த பக்கத்தில் மட்டும் ஸ்டீல் லேசாக இருண்டிருந்தது. அந்த இடத்துக்கு வைக்க இன்னொரு தட்டு இல்லை. அவள் எப்படி எடுக்கிறாள் என்று பார்க்கும் ஆவலில் பாய் மேசைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார். அன்றைக்கு அவர் வெள்ளை ஜிப்பா போட்டிருந்தார். அவர் குனிந்ததும் ஸ்டீலின் அந்த இருட்டு நிரம்பி, விளிம்பு முழுக்க ஒரே வெளிச்சமாக ஓடியது.

தொந்தரவு செய்துவிட்டோம் என்று நினைத்து அவர் பின்னால் நகரப் பார்த்தார்.

"நகராதீங்க பாய்," என்றாள் வேல்விழி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் கொஞ்சம் குனிங்க. ஆங், அப்படியே."

பாய் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே நின்றார். அவள் பட்டனை அழுத்தினாள்.